திரையில் வந்த கண்டாக்கு

கோழி கூவுமுன் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் விளக்கெரிந்தால் ஒன்று அது சாவு வீடாக இருக்கும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள் வீடாக இருக்கும். 2008ஆம் வருஷத்தில் அந்த மேட்டுத் தோட்டத்தில் நிலைமை அப்படி ஆகிப்போயிருந்தது. கொழுந்து பறிக்கிறவர்களே இன்னும் புரண்டு படுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ரோகினியும் அடுத்த காம்பராவில் குடியிருந்த நாகலெட்சுமியும் எழுந்து, அடுப்பைக் கிளறி, பால் போடாத சாயத்தண்ணியை ஊதிக் குடித்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மண்பாதையில் இறங்குவார்கள். பனியில் புல் நனைந்து கிடக்கும். அட்டை எப்போது ஏறியது என்று வேனில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

நாகலெட்சுமிக்கு ஆறு மாதம். ஒரு கை வயிற்றில், ஒரு கை ரோகினியின் தோளில்.

"மெதுவா இறங்குக்கா. வேன்காரரு நம்மள விட்டுட்டுப் போயிற மாட்டாரு."

"அவரு போக மாட்டாருடி. கண்டாக்கு வந்துட்டுப் போயிருவானே."

அந்தச் சொல்லைக் கேட்டால் போதும், ரோகினி டார்ச்சைப் பாதைப் பக்கம் திருப்பிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கண்டாக்கு யார் என்று சொல்லத் தேவையில்லை. மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடிப் பேர் கொடுத்துவிட்டு தேயிலை நிரை பிடித்து ஏறிய பிறகும் மனுஷர் சும்மா விடமாட்டார். நினைத்த நேரத்தில் எந்தப் புதருக்குப் பின்னாலிருந்தாவது முளைத்து மறுபடியும் பேர் கூப்பிடுவார். அந்த நேரத்தில் நிரையில் இல்லாதவளுக்கு அரைப்பேர்தான். பகல் முழுக்கப் பறித்தாலும் அரைநாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு.

ஹட்டன் டவுனில் பேக்கரிக்கு மேல்மாடியில், கனடாப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருந்த கண்டாக்குக்குத் தொப்பியும் கிடையாது, பிரம்பும் கிடையாது. அது கம்ப்யூட்டர் திரையின் நடுவில் வந்து குதிக்கிற ஒரு சின்னப் பெட்டி. பேரைச் சொல்லி, "இருக்கிறீர்களா?" என்று கேட்கும். ஒரு நிமிஷத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வகுப்பு மூடிக்கொள்ளும். கனடாவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் திரையில் "ஆசிரியர் இல்லை" என்று விழும். இங்கே அரைப்பேர் விழும். அப்படி மூன்று சேர்ந்தால் பேரே வெட்டுப்படும். அதன் பிறகு தளம் உள்ளே விடாது.

அதற்குக் கண்டாக்கு என்று பேர் வைத்தவன் செல்லசாமி. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், பொகவந்தலாவைப் பக்கத்துக்காரன், வாய் சும்மா இருக்காது. அவன் அப்படிக் கூப்பிட்டு எல்லோரும் சிரித்த அன்று ரோகினியும் சேர்ந்து சிரித்து வைத்தாள். அந்தப் பெட்டியை எழுதியவளே அவள்தான். நிரலுக்குள் அவள் அதற்கு வைத்திருந்த பேரும் கண்டாக்குதான். கொழும்பில் செய்து அனுப்பினார்கள், கனடாவில் செய்து அனுப்பினார்கள் என்று ஆளுக்கொரு கதை பேசினார்கள். பேசட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். வாயைத் திறக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

வேலை லேசான வேலையா என்றால், பார்க்கிறவர்களுக்கு லேசுதான். இங்கே விடியும்போது அங்கே முந்திய நாள் மாலை. பள்ளி விட்டு வந்து சாப்பிட்ட பிள்ளைகள் அங்கே உட்கார, இங்கே தகரக் கூரைக்கடியில், குளிர்ந்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இவர்கள் உட்கார வேண்டும். பின்னத்தை ஒரே குரலில், ஒரே பொறுமையில், நாலாவது தடவையும் முதல் தடவை மாதிரிச் சொல்ல வேண்டும். முகம் அங்கே தெரியாது என்பதால் சிரிப்பைக் குரலிலேயே கொண்டுவர வேண்டும். மவுசைப் பிடித்துத் திரையில் எழுதி எழுதி மணிக்கட்டு வீங்கும். வெளிச்சம் நன்றாக வந்து, கீழே பேக்கரியில் இரண்டாவது அடுப்புப் பாணும் எடுத்த பிறகுதான் காது விடுதலையாகும். காதுமடல் சிவந்து, தொட்டால் எரியும்.

இந்தத் தொழிலை நடத்தியவர் கனகலிங்கம். ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் கணித வாத்தியார், நல்ல வாத்தியார் என்றுதான் சொன்னார்கள். சண்டையில் வீடு போய், கனடாவில் கொஞ்சக் காலம் இருந்து, கொழும்புக்கு வந்து இதைத் தொடங்கினார். ஹட்டனில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள் என்பதைக் கண்டுபிடித்ததில் அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு மெச்சல். படிப்பித்துக்கொண்டிருந்த ரோகினிக்கு நிரல் எழுத வருகிறது என்று தெரிந்ததும் கொழும்புக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பி, மூலையில் தனி மேசையும் சுழல்கிற நாற்காலியும் போட்டுக்கொடுத்தார். லயத்தில் பிறந்த பெண்ணுக்குச் சுழல்கிற நாற்காலி. அவள் தலை கொஞ்சம் சுழன்றது உண்மைதான்.

அந்த நாற்காலிக்கு வந்த புதிதில்தான் அது நடந்தது.

"பிள்ளை, கனடாவிலை தாய் தேப்பன்மார் கேக்கினம், ரீச்சர் கதிரையிலை இருக்கிறாவோ, எழும்பிப் போட்டாவோ எண்டு. இதுக்கு ஒரு வழி செய்து தாரும்" என்றார் கனகலிங்கம். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்கட தோட்டத்திலை ஆக்களை எப்பிடிப் பிடிக்கிறவை?" என்று கேட்டார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவள்தான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கண்டாக்கு நினையாத நேரத்தில் வருவது, பேர் கூப்பிடுவது, அரைப்பேர் போடுவது, மூன்றுக்குப் பேர் வெட்டுவது என்று கையை ஆட்டி ஆட்டி நடித்தே காட்டினாள். கால் விரலிடுக்கில் ஏறிய அட்டையைப் பிடுங்க ஓரமாய் ஒதுங்கிய தன் அம்மாவுக்கு அரைப்பேர் போட்ட நாளை மட்டும் சொல்லவில்லை. கனகலிங்கம் மேசையைத் தட்டினார்.

"அருமை. அதையே அப்பிடியே போடும்."

"தனிப் பகுதியா எழுதி வெளிய மாட்டுறேங்க சேர். கோர்ல கை வைக்கக்கூடாதுங்க."

கோர் என்று அவர்கள் சொன்னது தளத்தின் அடிநிரல். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கு இலவசமாக விட்டிருந்த தளம் அது. வேண்டியதைப் பக்கத்தில் தனியாக எழுதிச் சேர்த்துக்கொள், அடிநிரலைத் தொடாதே என்பதுதான் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம்.

"வெளியிலை மாட்டினா ஆரும் கழட்டிப்போடுவினம். உள்ளுக்கை வையும். கழட்டேலாத இடமாப் பாத்து வையும்."

வைத்தாள். வைத்துப் பார்த்தபோது பேர் கூப்பிடும் பட்டியலில் அவள் பேரும் வந்து நின்றது. நான் வகுப்பு எடுக்கிறவள் இல்லையே என்று ஒரு வரி சேர்த்துத் தன் பேரை மட்டும் விலக்கிவிட்டாள். பேர் எழுதுகிற கணக்கப்பிள்ளை எந்தக் காலத்தில் பெரட்டில் பேர் கொடுத்தார்?

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மேல்மாடியில் கக்கூஸ் கிடையாது. வெளிப்பக்கத்து மரப்படியில் இறங்கி, பேக்கரிக்குப் பின்னால் போக வேண்டும். ஒருத்தி இறங்கினால் பக்கத்து நாற்காலிக்காரி எட்டி அவள் பெட்டியையும் அமுக்கிவிடுவாள். மலையிலும் இதுதான் வழக்கம். ஒருத்தி நிரையை விட்டு ஒதுங்கிய நேரத்தில் கண்டாக்கு கூப்பிட்டால், பக்கத்து நிரைக்காரி புதருக்குள்ளிருந்து "அந்தா இருக்காங்க" என்று குரல் கொடுப்பாள். பச்சைக் கடலுக்குள் எந்தக் குரல் எவளுடையது என்று கண்டாக்குக்கு எங்கே தெரியப்போகிறது? எத்தனையோ அரைப்பேரைத் தடுத்த குரல் அது. கனகலிங்கம் ஏதோ நடக்கிறது என்று மோப்பம் பிடித்துக் கேட்டபோது, ரோகினிக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. பதில் கொடுக்கும்போது அவரவருடைய ரகசிய எண்ணையும் அடிக்க வேண்டும் என்று மாற்றி எழுதிக் கொடுத்தாள். அதையும் அடிநிரலிலேயே செய்தாள். கெட்டிக்காரி என்று பேர் வாங்கினாள்.

அந்த மாற்றம் வந்த பிறகு நாகலெட்சுமிக்கு இரண்டு அரைப்பேர் விழுந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி, அடக்கிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்காருவாள்? மூன்றாவது விழுந்தால் வேலை போய்விடும். அவள் புருஷன் மூக்கன் ஃபெக்டரியில் கை நசுங்கி வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். அந்தக் குடும்பத்துக்கு அவள் பேர் ஒன்றுதான் பேர்.

அன்றைக்கு விடியற்காலை மழை. நாகலெட்சுமி படியிறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் அவள் திரையில் பெட்டி குதித்தது. செல்லசாமி ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசலுக்கு ஓடி, "நாகு, கண்டாக்கு" என்று கீழே பார்த்துக் கத்தினான்.

ரோகினி தன் மேசையிலிருந்து அதைக் கேட்டாள். நனைந்த மரப்படியில் ரப்பர் செருப்பு தடதடவென்று ஏறுகிற சத்தத்தைக் கேட்டாள். பிறகு அந்தச் சத்தம் அறுந்து, வேறு ஒரு சத்தம் கேட்டது.

பேக்கரிக்காரர் சுனில் மாத்தயா மாவுக் கையோடு ஓடிவந்தார். "பரெஸ்ஸமென், பரெஸ்ஸமென்" என்று, கவனம் கவனம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே செல்லசாமியோடு சேர்ந்து அவளைத் தூக்கினார். தமிழ் படிப்பிக்கிற ஊர்மிளா டீச்சர் தன் சேலைத் தலைப்பால் அவளை மூடினார். படியில் மழைத் தண்ணீரோடு கொஞ்சம் இரத்தம் இறங்கியது. திரீவீலரில் ஏற்றும்போதுகூட நாகலெட்சுமி, "எண்ண அடிச்சிட்டீங்களா? யாராச்சும் அடிச்சிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். எண் அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

அவளுடைய பையை எடுக்க ரோகினி மேலே வந்தாள். திரையில் எழுத்து தெளிவாக நின்றது. "உங்கள் பேர் நீக்கப்பட்டுள்ளது. நன்றி." அந்த நன்றியையும் அவள்தான் எழுதியிருந்தாள், மரியாதையாக இருக்கட்டுமே என்று. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளை தப்பியது. ஆனால் பிறக்கும்வரைக்கும் எழுந்து நடமாடக்கூடாது, ஆஸ்பத்திரியிலேயே படுத்துக் கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனகலிங்கத்துக்குச் செல்லசாமி போன் போட்டான். "பாவம்தான். ஆனா சிஸ்டம் பேரை எடுத்துப்போட்டுதே, நான் என்ன செய்ய?" என்றாராம் அவர். அந்த இடத்துக்கு வேறு ஒரு ஆளைத் தேடச் சொல்லியும் விட்டாராம்.

அன்று சாயங்காலம் மலையிலிருந்து வந்த அம்மாக்கண்ணு கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று கேட்டாள். ரோகினியின் அம்மா அவள்.

"நாகு பேர வெட்டிப்புட்டாங்களாமே?"

"ஆமாம்மா."

"கம்பியூட்டர்லயும் கண்டாக்கு வச்சிருக்காங்களா? எந்தப் பாவி கண்டுபிடிச்சானோ. அவன் வீட்டுப் பொம்பளைங்க ஒண்ணுக்குப் போக மாட்டாங்களா?"

ரோகினி சோற்றுப்பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு அணைந்துபோயிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. அம்மா கூடையை இறக்கிக் காலைத் துடைத்து, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்தாள். ரோகினி குனிந்து, அணைந்துபோன அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாகலெட்சுமியின் கட்டில் கால்மாட்டுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தலை தாழ்ந்து கிடந்தபடியே அவள் சிரித்தாள்.

"வாடி. கனடாப் புள்ளைங்க என்னயக் கேட்டிச்சா?"

ரோகினி உட்காரவில்லை. "அக்கா, அந்தப் பெட்டிய எழுதினது நான்தான்."

நாகலெட்சுமிக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். சேருக்கு நடித்துக் காட்டியது, அடிநிரலில் வைத்தது, ரகசிய எண், தன் பேரை மட்டும் விலக்கிக்கொண்டது, ஒன்றையும் விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பச்சைப்பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. நாகலெட்சுமி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"ஒங்கம்மா நிரைய விட்டு ஒதுங்குன நேரமெல்லாம் 'அந்தா இருக்காங்க'ன்னு கத்துனது எங்கம்மாடி" என்றாள் கடைசியில். "அந்த வாயத்தானே நீ அடச்ச."

"பேரத் திருப்பி எழுதிர்றேன்க்கா. இன்னைக்கே எழுதிர்றேன். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாம எழுதின பேரு எனக்கு வேணாம். நீ திருட்டுத்தனமா எழுதுவ, நாளைக்கு அவரு இன்னொருத்தன வச்சு வெட்டுவாரு. வெட்டச் சொன்ன வாயே எழுதச் சொல்லட்டும்." கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. அதை அவள் துடைக்கவில்லை. "எங்கிட்ட சொன்ன மாதிரியே அவங்ககிட்டயும் போய்ச் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு. இப்பப் போ. ஒன்னயப் பாக்க முடியல."

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் பேக்கரிக்குப் பின்பக்கம், அந்தப் படிக்கட்டின் அடியில், எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாள். சொல்லி முடிந்ததும் செல்லசாமி பக்கத்தில் கிடந்த காலி மாவு டின்னை உதைத்தான். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"நான் அத கண்டாக்குன்னு சொன்னப்ப நீயும் சிரிச்சியே. எப்பிடிச் சிரிச்ச?"

ரோகினி போய் அந்த டின்னை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"சரி, இப்பவே மேல போய்க் கழட்டு" என்றான் அவன்.

"கழட்டினா அவர் கொழும்பிலை ஒரு பெடியனைப் பிடிச்சுத் திருப்பிப் போடுவிப்பார்" என்றார் ஊர்மிளா டீச்சர். அகதியாய் வந்து ஹட்டனில் தங்கிவிட்டவர், அதிகம் பேசமாட்டார். "களவாக் கை வைச்சது எண்டு இவளைப் பொலிசிலையும் குடுப்பார். பிறகு நாகலெட்சுமியின்ரை கதை அடிபட்டுப் போகும். அது கூடாது."

"அப்ப என்னா செய்யிறதுங்க டீச்சர்? நாளைக்கும் போய் இருக்கேன் இருக்கேன்னு அமுக்கிக்கிட்டே இருக்கிறதா?"

கேட்ட செல்லசாமியே தலையைத் தூக்கினான். தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்ட மாதிரி.

"அமுக்காம இருந்தா?"

மலையில் அது புதிதில்லை. சம்பளப் பிரச்சினை வந்தால் பெரட்டுக் களத்துக்கு எல்லோரும் போவார்கள், வரிசையாக நிற்பார்கள், பேர் கூப்பிட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். வந்த ஆளை வரவில்லை என்று எழுதக் கணக்கப்பிள்ளைக்கும் கை வராது, வந்ததாக எழுதவும் முடியாது. ஒருத்தி பேர் கொடுத்துவிட்டால் எல்லாம் பாழ். அதனால் அன்றைக்குப் பக்கத்தில் நிற்பவளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இதெல்லாம் அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் சின்ன வயதிலேயே தெரியும்.

"பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார் ஊர்மிளா டீச்சர். "உள்ளதைச் சொல்லுவம்" என்று அவரே பதிலும் சொன்னார்.

ரோகினி ஒதுங்கி நின்றாள். யாரும் அவளை வா என்று கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வேனில் அவளுக்குப் பக்கத்து இடம் அன்று காலியாகவே போனது.

அடுத்த விடியலில் எல்லோரும் வந்தார்கள், ஹெட்போனை மாட்டினார்கள், வகுப்பைத் தொடங்கினார்கள். ஊர்மிளா டீச்சர் தன் மாணவியிடம் நிதானமாகச் சொல்வது மூலைவரைக்கும் கேட்டது. "பிள்ளை, கொஞ்ச நேரத்தாலை ரீச்சர் இல்லை எண்டு காட்டும். அது பொய். நான் இஞ்சைதான் இருக்கிறன். எங்கடை சிநேகிதி ஒராள் கக்கூசுக்குப் போனதுக்கு வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம். அதுதான்." அந்தப் பக்கத்துப் பிள்ளை என்ன கேட்டதோ, டீச்சர் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்கு பனிஷ்மென்ட்தான், ஓம்" என்றார்.

பெட்டி ஒவ்வொரு திரையாகக் குதித்தது. இருக்கிறீர்களா, இருக்கிறீர்களா என்று கேட்டது. ஒருவரும் அமுக்கவில்லை. ஒவ்வொரு வகுப்பாக மூடியது. மேல்மாடியில் மழைச்சத்தம் மட்டும் மிஞ்சியது.

மதியத்துக்குள் கனகலிங்கம் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். படியேறிய மூச்சு வாங்கல் அடங்கும் முன்பே கத்தினார்.

"ஆர் இதைத் தொடங்கினது? அங்கை ஒவ்வொரு வீட்டிலையிருந்தும் எனக்குப் போன். ரீச்சர் இல்லை, ரீச்சர் இல்லை எண்டு."

"நாங்க இருந்தோங்க சேர்" என்றான் செல்லசாமி. "பேரு குடுக்கல, அவ்ளோதான்."

"அரைப்பேர் விழும் எண்டு தெரியும்தானே?"

"விழட்டுங்க. எல்லாருக்கும் ஒண்ணாத்தான விழுது."

"எல்லாற்றை பேரையும் வெட்டினா?"

"வெட்டிப்பிட்டு யாரக் கொண்டு படிப்பிப்பீங்க? நாகலெட்சுமி பேர எழுதுங்க சேர். அது புள்ளையப் பெத்து எந்திரிச்சு வர்றவரைக்கும் அந்த இடம் அதுக்கே இருக்கணும். அந்தப் பெட்டியையும் எடுத்துருங்க. நாளைக்கே பழையபடி வேல நடக்கும்."

கனகலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். குரலை இறக்கினார். வாத்தியாராக இருந்த காலத்துக் குரல் அது. "நான் என்ன கெட்டவனோ? நானும் இருந்த வீட்டை விட்டு ஓடி வந்தவன்தான். இந்த ஊரிலை உங்களுக்கு ஒரு கதிரை மேசை போட்டுத் தந்தது ஆர்?"

"கதிரை தந்தனியள், சரி" என்றார் ஊர்மிளா டீச்சர். "அதிலையிருந்து எழும்பினாப் பேரை வெட்டினா, அது கதிரையே சேர்?"

அவர் மூலையைப் பார்த்துத் திரும்பினார். "ரோகினி, இஞ்சை வாரும். அந்தப் பிள்ளையளின்ரை திரையிலை 'ஆசிரியர் இல்லை' எண்டு விழுதே, அதை மட்டும் எடுத்துவிடும். அரைப்பேர் இஞ்சை விழட்டும், அங்கை ஒண்டும் தெரியக்கூடாது. ஒரு வரிதானே?"

ஒரு வரிதான். அவளுக்கு அந்த வரி எங்கே இருக்கிறது என்றுகூட மனப்பாடம். அதை எடுத்துவிட்டால் இவர்கள் எத்தனை நாள் வாய்மூடி உட்கார்ந்தாலும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"முடியாதுங்க சேர்."

"என்ன முடியாது?"

"எழுத மாட்டேங்க."

கனகலிங்கம் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. "அப்பிடியோ? உங்களுக்கெல்லாம் ஒரு விசயம் தெரியுமோ? இந்தப் பெட்டியை எழுதினது ஆர் தெரியுமோ? நான் இல்லை. இந்தா நிக்கிறா, உங்கட ரோகினி. யோசினையும் அவதான் தந்தவா."

"தெரியுங்க சேர்" என்றான் செல்லசாமி. "எங்களுக்கு அதச் சொன்னதும் அதுதான்."

கனகலிங்கம் கையில் வைத்திருந்த கார்ச் சாவியைப் பார்த்தார். இவ்வளவு தூரம் கொண்டுவந்த ஆயுதம் அப்படிப் புஸ்ஸென்று போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நாளைக்குக் கொழும்புப் பெடியன் வருவான், விடியப் பேர் கொடுக்காதவர்கள் யாரும் பிறகு படியேற வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினார், படி வழுக்கியது.

அன்று வீட்டுக்கு வந்து ரோகினி அம்மாவிடமும் சொன்னாள். அம்மாக்கண்ணு திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். விடியலில் மகள் எழுந்தபோது அம்மா அதற்கு முன்பே எழுந்து அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். சாயத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"இன்னைக்கி ஒம் பேரையும் கூப்புடுவாங்களா?"

"இல்லம்மா. நான் அந்தப் பட்டியல்ல இல்ல."

"அப்ப அவங்க பேரு குடுக்காம இருப்பாங்க. நீ என்னாத்தக் குடுக்காம இருக்கப் போற?"

ரோகினி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அது ஆறிப்போகிறவரைக்கும் நின்றாள். பிறகு ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, தனியாக மண்பாதையில் இறங்கினாள்.

மேல்மாடிக்குப் போனதும் முதல் வேலையாக அடிநிரலைத் திறந்தாள். கண்டாக்கை அவள் கழற்றவில்லை. அதை எடுக்கச் சொல்ல வேண்டியது வைக்கச் சொன்னவர் வாய். நாகு அக்கா சொன்னது சொன்னதுதான். தன் பேரை விலக்கி வைத்திருந்த அந்த ஒரு வரியை மட்டும் தேடிப் பிடித்து அழித்தாள். சேமித்தாள். சுழல்கிற நாற்காலியை மூலையிலேயே விட்டுவிட்டு, தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நாகலெட்சுமியின் இடத்துக்கும் செல்லசாமியின் இடத்துக்கும் நடுவில் வைத்து வயரை மாட்டினாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

செல்லசாமி பார்த்தான். "என்னா இது?"

"பட்டியல்ல எம் பேரையும் சேத்துட்டேன் அண்ணே."

அவன் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான்.

வாசலில் கொழும்புப் பெடியன் பையோடு வந்து நின்றான். பின்னால் கனகலிங்கம். கீழே சுனில் மாத்தயாவின் அடுப்பில் பாண் வெந்துகொண்டிருந்த வாசனை ஏறி வந்தது. மலைப்பக்கம் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கிற நேரம். பெட்டி குதிக்கத் தொடங்கியது. ஊர்மிளா டீச்சரின் திரையில் வந்தது, செல்லசாமியின் திரையில் வந்தது. பிறகு முதல்முறையாக அவள் திரையிலும் வந்தது.

"ரோகினி, இருக்கிறீர்களா?"

தான் எழுதிய எழுத்து தன்னையே பார்த்துக் கேட்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. இத்தனை நாளும் இவர்களுக்கெல்லாம் இப்படித்தான் அடித்திருக்கும். மவுசிலிருந்து கையை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள். ஒரு பக்கத்தில் நாகலெட்சுமியின் நாற்காலி காலியாகக் கிடந்தது. மறுபக்கத்திலிருந்து செல்லசாமி, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

நிமிஷம் ஓடியது. வாசலில் நின்ற கனகலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

ஒருவரும் பேர் கொடுக்கவில்லை.